கேஜ் இறங்கினால் கிரேடை மாற்றலாமா?

வாசகர் கேள்வி-பதில்: வண்டியும் இன்ஜினும்

வண்டி ஆயில் குடிக்கிறது, தடித்த ஆயில் ஊற்றினால் நிற்குமா என்று கேட்டு நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. கார், பைக், டிராக்டர் எல்லாம் இதில் அடக்கம். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம். பதில்களைச் சுருக்கவில்லை.

வள்ளியூர் வாசகர்: எங்கள் பெட்ரோல் கார் 1,10,000 கி.மீ. ஓடிவிட்டது. கையேட்டில் 5டபிள்யூ-30 போட்டிருக்கிறது, அதைத்தான் ஊற்றுகிறோம். இப்போது 1,000 கி.மீ.க்கு 400 மில்லி குறைகிறது. மெக்கானிக் அண்ணாச்சி, "ஆயில் தண்ணி மாதிரி இருக்கு, 20டபிள்யூ-50 ஊத்துங்க, நின்னுரும்" என்கிறார். ஊற்றலாமா?

20டபிள்யூ-50 வேண்டாம். 5டபிள்யூ-40 வரை போகலாம். அதற்கும் முன்னால் அந்த 400 மில்லி சரியான கணக்குதானா என்று பாருங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஓடிவந்த சூட்டோடு அணைத்து, பத்து நிமிடம் கழித்துக் கேஜை (ஆயில் அளவு காட்டும் குச்சியை) உருவி, துடைத்து, முழுக்கச் செருகி மறுபடி உருவிப் பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பிக்கொண்டு 1,000 கி.மீ. ஓட்டுங்கள். பிறகு அதே இடத்தில், அதே பத்து நிமிடம் விட்டு, மேல் கோட்டைத் தொட எத்தனை மில்லி பிடிக்கிறது என்று அளவு பாட்டிலால் ஊற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே சுமார் 1 லிட்டர் இருக்கும். கண்மட்டத்தில் ‘பாதி இறங்கிருச்சு' என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இதில் ஏமாற்றுகிற சங்கதி ஒன்று உண்டு. டவுனுக்கும் பாளைக்குமாகக் குறைந்த தூரமே ஓடுகிற வண்டியில் எரியாத பெட்ரோலும் ஈரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் சேரும். கேஜ் இறங்காத மாதிரியே காட்டும். அதே வண்டியை ஒருநாள் சென்னை வரை ஓட்டினால் அவையெல்லாம் ஆவியாகிப் போய், கேஜ் திடீரென்று இறங்கும். ‘ஊருக்குள்ள ஓட்டும்போது நல்லாத்தான் இருந்தது' என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆகவே நீங்கள் அளக்கிற 1,000 கி.மீ. வழக்கமாக ஓட்டுகிற மாதிரியே இருக்கட்டும்.

இனி கிரேடு, அதாவது ஆயிலின் தடிப்பைச் சொல்லும் 5டபிள்யூ-30 போன்ற எண். முன்னால் நிற்கிற எண்ணும் ‘டபிள்யூ'வும் குளிருக்கு. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிப்பார்கள். மார்கழி விடியலிலும் நம் ஊர் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும் என்பதால் ‘எந்த டபிள்யூவா இருந்தா என்ன' என்று தோன்றும். ஸ்டார்ட் ஆவதற்கு அது சரி. ஆனால் காலையில் முதல் சில விநாடிகளில் ஆயில் மேலே ஹெட்டுக்கு (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதிக்கு) ஏறும் வேகத்தில் வித்தியாசம் இருக்கவே செய்யும்.

பின்னால் நிற்கிற எண்தான் உங்கள் கேள்விக்கு உரியது. ஆயில் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதை அது சொல்கிறது. ‘30' என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (சென்டிஸ்டோக் என்பது தடிப்பை அளக்கும் அலகு). ‘40' என்றால் 12.5 முதல் 16.3. ‘50' என்றால் 16.3 முதல் 21.9. ‘தண்ணி மாதிரி' என்ற பேச்சைக் கேனிலிருந்து ஊற்றும்போது பார்த்துச் சொல்லக் கூடாது. கருப்பட்டிப் பாகு அடுப்பில் இருக்கும்போது ஒரு பதம், இறக்கி வைத்த பிறகு வேறு பதம் அல்லவா? 40 டிகிரியில் 110 சென்டிஸ்டோக் இருக்கும் 15டபிள்யூ-40 ஆயில், 100 டிகிரிக்குப் போனால் 14-க்கு இறங்கிவிடும். சூடான இன்ஜினுக்குள் எல்லா ஆயிலும் தண்ணி மாதிரிதான்.

இன்ஜினுக்குள் ஆயில் குறைவதற்கு முக்கிய வழிகள் மூன்று. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தாண்டி மேலேறி எரிவது ஒன்று. வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு வழியாக உள்ளே இறங்கி எரிவது இன்னொன்று. சூட்டில் ஆவியாகிப் பிரீதர் என்ற காற்றுக் குழாய் வழியே போவது மூன்றாவது. மெல்லிய ஆயில் இடுக்குகளில் சுலபமாக நுழையும் என்பதால், தேய்ந்த ரிங்கும் தளர்ந்த கைடும் உள்ள இன்ஜினில் ஒரு படி தடித்த ஆயில் கொஞ்சம் பிடித்துவைக்கும். 30-லிருந்து 40-க்குப் போவது அந்த ஒரு படி. 400 மில்லி 300 ஆகலாம். நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தடிப்பை மேலும் ஏற்றினால் விஷயம் திரும்பி அடிக்கும். சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலை வழித்துக் கீழே தள்ளுவது ஆயில் ரிங்கின் வேலை. வழித்த ஆயில் பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியாகச் சம்புக்கு (அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு) இறங்க வேண்டும். பழைய இன்ஜினில் அந்தத் துளைகள் கரி பிடித்துப் பாதி அடைந்திருக்கும். தடித்த ஆயில் அவற்றில் மெதுவாகத்தான் இறங்கும், இறங்காமல் நிற்பது மேலே போய் எரியும். தடித்த ஆயில் சுவரில் விட்டுவைக்கும் படலமும் கனமாகவே இருக்கும். 20டபிள்யூ-50 ஊற்றியும் குறையவில்லை என்று புலம்புகிறவர்களின் கதை இது. புதிய கார்களில் வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தாலேயே நகர்த்தும் அமைப்பும் இருக்கிறது. அதன் வழிகள் மிகச் சிறியவை. அங்கே தடித்த ஆயில் போனால் செக் இன்ஜின் விளக்கு எரிந்து வேறு ஒரு செலவு வந்து சேரும்.

ஆவியாவதைப் பற்றிக் கடைக்காரர்கள் பேசுவதே இல்லை. ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்க்கும் சோதனைக்கு நோவாக் என்று பெயர். அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ.யின் எஸ்.என். தரத்து 5டபிள்யூ-30 ஆயிலுக்கு 15 சதவீதம் வரை அனுமதி. நல்ல சிந்தெடிக் ஆயில்கள் அதற்கு வெகுவாகக் கீழே நிற்கும். கம்பெனியின் விவரத்தாளில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். ஒரே 5டபிள்யூ-30-ல் ஒன்று 14, இன்னொன்று 9 என்றால், கிரேடை மாற்றாமல் இரண்டாவதை வாங்கினாலே கேஜ் இறங்குவது குறையலாம். நாங்கள் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். அடுத்த ஆயில் மாற்றத்தில் 5டபிள்யூ-40. அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

ஒரு கணக்கு: 1,000 கி.மீ.க்கு 400 மில்லி என்றால், மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்க 2,500 கி.மீ. போதும். சில கம்பெனிகளின் கையேடு 1,000 கி.மீ.க்கு 1 லிட்டர் வரைகூட ‘ஏற்கத்தக்கது' என்கிறது. அது கம்பெனிக்கு வசதியான எண். 10,000 கி.மீ. கழித்துத்தான் கேஜைப் பார்ப்பேன் என்று இருந்தால் இன்ஜின் மிஞ்சாது. மாதம் இரு முறை பாருங்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: மாஞ்சோலை ரோட்டில் இறங்கி வரும்போது புகை இல்லை. மணிமுத்தாறு வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு குபீர் நீலப் புகை, அப்புறம் சுத்தமாகிவிடுகிறது. ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள். பெட்ரோல் கார், 85,000 கி.மீ.

இறக்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்வது வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போனதன் அடையாளம். கியரில் பிடித்து இறங்கும்போது திராட்டில் மூடியிருக்கும், பிஸ்டன் கீழே இழுக்கும். இன்டேக் பக்கம் கடுமையான வெற்றிடம் உண்டாகி, காய்ந்துபோன சீலைத் தாண்டி ஆயிலை உறிஞ்சும். கீழே வந்து மிதித்ததும் அது மொத்தமாக எரிந்து புகையாகிறது. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குபீர் புகை வந்து நின்றாலும் இதே கதைதான். ரிங் போயிருந்தால் ஏற்றத்தில், லோடில், ஆக்சிலேட்டரை மிதித்தபடி இருக்கும்போது புகை விடாமல் வரும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து புஸ்புஸ்ஸென்று புகை தள்ளும்.

சந்தேகம் தீரக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அளவு குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக 5 முதல் 10 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்). ஏறவே இல்லை என்றால் வால்வு உட்காருவதிலோ கேஸ்கட்டிலோ கோளாறு. எல்லா சிலிண்டரும் முதலிலேயே சரியாக, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் அநேகமாக வால்வு சீல்தான். ‘அநேகமாக' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மேல் இரண்டு ரிங்கும் நன்றாக இருந்து, ஆயில் ரிங் மட்டும் கரியில் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் சரியாகக் காட்டும், ஆயில் மட்டும் குறையும். நல்ல கம்ப்ரஷன், குபீர் புகையும் இல்லை, ஆனால் கேஜ் இறங்குகிறது என்றால் ஆயில் ரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

வால்வு சீலை ஹெட் கழற்றாமலே மாற்றலாம். கம்ப்ரசர் காற்றைப் பிளக் துளை வழியாகச் செலுத்தி வால்வைத் தாங்குவது ஒரு வழி. காற்று வசதி இல்லாத பட்டறையில் கயிறு போதும். பிஸ்டன் பாதி ஏறி நிற்கும்போது மெத்தென்ற நைலான் கயிற்றைப் பிளக் துளைக்குள் சுருள் சுருளாக விட்டு, நுனியை வெளியே வைத்துக்கொண்டு, கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பினால் பிஸ்டன் கயிற்றை அமுக்கி வால்வுகளை மேலே தாங்கும். வால்வு இரண்டும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில்தான் இதைச் செய்ய வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கி, அதைப் பிடித்திருக்கும் சிறு லாக்கை எடுக்கும் முன் ஹெட்டில் உள்ள ஆயில் இறங்கும் துளைகளையெல்லாம் துணியால் அடைத்துவிடுங்கள். லாக் ஒன்று தெறித்து அதற்குள் விழுந்தால், எதைத் தவிர்க்க நினைத்தோமோ அந்த வேலைதான், இன்ஜினைத் திறக்க நேரும். பழைய சீலைக் கையில் எடுத்து உதட்டை அமுக்கிப் பாருங்கள். நல்ல சீல் ரப்பராக வளையும். போன சீல் பிளாஸ்டிக் மாதிரி கடினமாக இருக்கும், சில சமயம் விரலிடையே நொறுங்கும். சீல் மாற்றும்போதே வால்வைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகம் ஆடினால் கைடு தேய்ந்திருக்கிறது, புதுச் சீல் நாள் தாங்காது.

திசையன்விளை வாசகர்: டிராக்டருக்கு லைனர் (சிலிண்டருக்குள் செருகும் குழல்), பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. மறுபடி ஆயில் குடிக்கிறது. 15டபிள்யூ-40 மெல்லிசு, 20டபிள்யூ-50 போடுங்கள் என்கிறார்கள்.

இங்கே ஆயிலைக் குற்றம் சொல்லாதீர்கள். டிராக்டர் கம்பெனி 15டபிள்யூ-40 சி.ஐ.-4 (டீசல் இன்ஜின் ஆயிலின் தரக் குறி) என்று எழுதியிருந்தால் அதையே ஊற்றுங்கள். ஒரு வருடத்தில் ரிங் தேய்கிறது என்றால் மண் உள்ளே போகிறது.

உங்கள் பக்கத்துத் தேரி மண் மாவு மாதிரி. ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது. ஹோஸில் வெடிப்பு, கிளிப் தளர்வு, கிளீனர் அடிக் கிண்ணத்தின் கேஸ்கட் இந்த மூன்றையும் பாருங்கள். வெடித்த ஹோஸைத் துணி சுற்றிக் கட்டி ஓட்டுவதைப் பார்க்கிறோம். பல ஆயிரம் ரூபாய் லைனர் செட்டை, சில நூறு ரூபாய் ஹோஸ் தின்றுவிடும்.

உங்கள் டிராக்டரில் ஆயில் பாத் கிளீனர் (காற்றில் வரும் மண்ணை ஆயிலில் படியவைக்கும் வகை) என்றால் புழுதியில் உழும் நாளெல்லாம் அதைத் திறந்து பார்க்க வேண்டும். கிண்ணத்தின் அடியில் மண் ஒரு சென்டிமீட்டர் படிந்திருந்தால் கொட்டிக் கழுவி, குறித்த கோடு வரை மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினாலும், டீசல் கலந்த மெல்லிய பழைய ஆயிலை ஊற்றினாலும், இன்ஜின் அதை மேலே உறிஞ்சி எரித்து நீலப் புகை விடும். ‘ரிங் போச்சு' என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். டீசல் இன்ஜின் இப்படி ஆயிலை உறிஞ்ச ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் ஏறிக்கொண்டே போகலாம். விளையாட்டில்லை.

இரண்டாவது சந்தேகம், ரிங் போட்ட கை. பல இன்ஜின்களில் இரண்டாவது ரிங்கின் முகம் லேசாகச் சரிந்திருக்கும். ‘டாப்' என்ற எழுத்தோ புள்ளியோ உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் அந்த ரிங் ஆயிலைக் கீழே வழிக்காமல் மேலே இழுக்கும். எத்தனை தடித்த ஆயில் ஊற்றினாலும் இது அடங்காது. மூன்று ரிங்கின் வாய்களும் ஒரே நேர்க்கோட்டில் வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். மாட்டும் முன் ஒவ்வொரு ரிங்கையும் லைனருக்குள் நேராக வைத்து ஃபீலர் கேஜால் வாய் இடைவெளி பார்த்தார்களா என்று கேளுங்கள். 80 மி.மீ. போருக்குப் புது ரிங்கில் சுமாராக 0.25 முதல் 0.40 மி.மீ. இருக்கும், 1 மி.மீ.ஐத் தாண்டினால் அது கழிவு. சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள்.

புது லைனர் போட்டதும் மணிக்கணக்காகச் சும்மா ஐடிலில் ஓடவிடுவது இன்னொரு வழக்கம். ரிங் படிவதற்கு லோடு வேண்டும். லோடில்லாமல் ஓடினால் லைனர் சுவர் கண்ணாடி மாதிரி மழமழவென்று ஆகி, ஆயில் அதில் நிற்காமல் மேலே ஏறும். முதல் சில மணி நேரம் மிதமான லோடில், ஒரே வேகத்தில் வைக்காமல் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். பிசானம் நடவுக்குத் தொளி அடிக்கக் கொண்டுபோகும் முதல் நாளே முழு லோடைப் போட்டு வதைக்கவும் கூடாது.

முக்கூடல் வாசகர்: 100 சி.சி. பைக்குக்கு 10டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது. வீட்டில் காருக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருந்தது, அதை ஊற்றினேன். பிக்கப் இல்லை, இன்ஜின் கத்துகிறது, வண்டி ஓட மாட்டேன் என்கிறது. தடிப்பு மாறியதாலா?

தடிப்பு காரணமில்லை, கிளட்ச் வழுக்குகிறது. உங்கள் பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். காருக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். அது கிளட்ச் தகடுகளையும் வழுக்கச் செய்யும். டப்பாவில் ஜப்பானியத் தரக் குறியான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருந்தால்தான் கியர் பைக்குக்கு ஆகும். எம்.பி. என்பது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. இப்போதே வடித்துவிட்டுச் சரியான ஆயில் ஊற்றி 200 கி.மீ. ஓட்டுங்கள். அதன் பிறகும் வழுக்கினால் தகடு மாற்ற வேண்டும்.

பைக்கில் தடிப்பு குறைகிற விஷயமும் இருக்கிறது. கியர் பற்கள் ஆயிலை நசுக்குவதால் அதில் சூட்டிலும் தடிப்பைக் காக்கும் பாலிமர் அறுந்து, 10டபிள்யூ-40 சில ஆயிரம் கி.மீ.யில் 30-ன் தடிப்புக்கு இறங்கிவிடும். காற்றால் குளிரும் இன்ஜின் வேறு. சித்திரை வெயிலில் சந்திப்புப் பாலத்து நெரிசலில் ஊர்ந்தால் ஆயில் சூடு காரைவிட அதிகமாக ஏறும். ஆகவே, ‘நம்ம ஊர் வெயிலுக்குத் தடிச்ச ஆயில்தான்' என்ற பேச்சில் காற்றால் குளிரும் பைக்கைப் பொறுத்தவரை கொஞ்சம் நியாயம் உண்டு. தண்ணீரால் குளிரும் காருக்கு அது பொருந்தாது. அங்கே தெர்மோஸ்டாட் சூட்டை ஓரளவு ஒரே நிலையில் வைத்திருக்கும். பைக்கில் இருப்பதே ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில், 300 மில்லி குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கேஜைப் பார்க்க வேண்டிய முதல் வண்டி பைக்.

பாளையங்கோட்டை வாசகர்: பி.எஸ்.6 டீசல் கார். எல்லோரும் ஆயில் குறைகிறது என்கிறார்கள், எனக்கு ஏறுகிறது! மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல் நிற்கிறது. நல்லதுதானே?

இந்த வாரக் கடிதங்களில் உடனே பட்டறைக்குப் போக வேண்டியவர் நீங்கள்தான். சைலன்சர் வழியில் உள்ள டி.பி.எஃப். வடிகட்டியில் கரி சேர்ந்ததும் அதை எரிப்பதற்காக இன்ஜின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். நீங்கள் பாதியிலேயே வண்டியை அணைத்தால் வேலை முடியாது, மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து சம்புக்கு இறங்குகிறது. 5டபிள்யூ-30 ஊற்றியிருப்பீர்கள், உள்ளே இருப்பது இப்போது 20-க்கும் கீழான ஆயிலாக இருக்கலாம். கேஜ் நுனியை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடிக்கும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். டி.பி.எஃப்.புக்கு உரிய குறைந்த சாம்பல் ஆயிலாகவே வாங்குங்கள். வாரம் ஒரு நாள் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரைக்கும் இருபது, இருபத்தைந்து நிமிடம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட்டுங்கள், வடிகட்டி தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

களக்காடு வாசகர்: சர்வீஸ் முடிந்து வந்த காரின் ஏர் ஃபில்டர் ஆயிலில் ஊறிக் கிடக்கிறது. அதற்கு முன் அப்படி இல்லை.

கேஜைப் பாருங்கள். 3.1 லிட்டர் பிடிக்கிற இன்ஜினில் 3.5 லிட்டர் கேனை மிச்சம் வைக்க மனமில்லாமல் மொத்தமாகக் கவிழ்த்திருப்பார்கள். அதிகமான ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கும், அது பிரீதர் குழாய் வழியே ஃபில்டருக்கு வரும். டிரெயின் போல்ட்டைத் தளர்த்தி மிகுதியை வடியுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள். அளவு சரியாக இருந்தும் வருகிறது என்றால் இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருக்கும். கழற்றி ஆட்டினால் உள்ளே டிக் டிக் என்று ஆட வேண்டும், சத்தமே இல்லையென்றால் மாற்றுங்கள்.

நாங்குநேரி வாசகர்: இரவு ரோட்டில் ஆயில் விளக்கு எரிகிறது. பக்கத்துக் கடையில் 20டபிள்யூ-40 மட்டும் இருக்கிறது, என் வண்டிக்கு 5டபிள்யூ-30. ஊற்றலாமா?

விளக்கு எரிந்ததும் அணைத்துவிடுங்கள். அது ஆயில் அளவு குறைந்ததற்கான விளக்கு இல்லை, அழுத்தம் இல்லாததற்கு எரிவது. விளக்கு எரிய எரியக் ‘கடை வரைக்கும்தானே' என்று ஓட்டினால் பேரிங் போகும். நடந்துபோய் வாங்கி வாருங்கள். 20டபிள்யூ-40 ஊற்றலாம், இரண்டு இன்ஜின் ஆயிலும் கலக்கும், திரியாது. கேஜ் மேல் கோட்டை எட்டும் வரை ஊற்றி, ஸ்டார்ட் செய்து, விளக்கு சில விநாடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். அணையவில்லை என்றால் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். அணைந்தால் வீட்டுக்கு ஓட்டலாம். அந்த வாரத்திலேயே முழு ஆயிலையும் மாற்றுங்கள். காலிக் கேனை ரோட்டோரம் வீசாமல் நசுக்கிப் போடுங்கள், நல்ல கேன் கிடைத்தால் அதில் போலி ஆயில் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.